வளைக்குள் தலை விடும் நாய்

திருவண்ணாமலை ரமணாசிரம வளாகத்தில் நான்கு சிறிய சமாதிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, 1948 ஜூன் 18 அன்று இறந்த லட்சுமி என்ற பசுவுக்கு. மற்ற மூன்றும் வள்ளி என்ற மானுக்கும், ஒரு காக்கைக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும். ரமணர் விலங்குகளை ‘அது’ என்று சொல்வதில்லை. அவன், அவள் என்றுதான் சொல்வார். ஆசிரமத்தில் நாய்களுக்குச் சோறு வைத்த பிறகே பிச்சைக்கு வந்தவர்களுக்கு, அதற்கும் பிறகே பக்தர்களுக்கு என்று ஒரு முறை இருந்தது. அதற்கு முன்பு, 1916 முதல் 1922 வரை அவர் மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலத்தில், கமலா என்ற பெண் நாய் அங்கே வளர்ந்தாள். புதிதாக வந்தவருக்குச் சுற்றிக் காட்டச் சொன்னால் போதும். குகை, சுனை, சிலை என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாளாம்.

கமலாவுக்கு அந்த மலை சொந்த வீடு. எந்தப் பாறை எப்போது சுடும், எந்தச் சுனையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்தப் புதருக்குள் மூக்கை நீட்டக் கூடாது என்பதெல்லாம் ஓடித் திரிந்து கற்றவை. நம் நாட்டு நாய்களின் உடலும் இந்த வெயிலுக்குப் பல தலைமுறைகளாகப் பழகியது: குட்டை முடி, ஒல்லியான வயிறு, நிமிர்ந்த காது, நீண்ட முகம்.

இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போவது வேறொரு மண்ணில் வார்க்கப்பட்ட நாய். திருவண்ணாமலையின் புதிய குடியிருப்புகளில் பொமரேனியன், லாப்ரடார் என்று வளர்ப்பவர்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு வீட்டில் வெள்ளையும் பழுப்புமாக, முழங்கால் உயரத்துக்கும் குறைவாக, ஒரு நொடி சும்மா இராத நாய் கண்ணில் படும். ஜாக் ரஸ்ஸல் டெரியர். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் அளவைப் பார்த்து வாங்குகிறார்கள். சின்ன நாய், சின்ன வீட்டுக்குப் போதும், பராமரிப்பும் குறைவு என்பது கணக்கு. அந்தக் கணக்கு தவறு. இந்த நாயைப் புரிந்துகொள்ள அதன் அளவைப் பார்ப்பதைவிட, அந்த அளவு எந்த வேலைக்காக உருவானது என்று பார்க்க வேண்டும்.

டெரியர் என்ற சொல்லைக் கேட்டிராத தமிழரும் ஒரு டெரியரைப் பார்த்திருப்பார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963இல் வந்த வெங்கடேச சுப்ரபாதம் எச்.எம்.வி. (‘எசமானின் குரல்’) இசைத்தட்டு. கிராமபோன் குழாயின் முன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் எச்.எம்.வி.யின் வெள்ளை நாய்தான் நிப்பர். 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்து 1895இல் இறந்த கலப்பு டெரியர். அதன் படத்தை வரைந்தவர் பிரான்சிஸ் பரோ. 1899இல் கிராமபோன் கம்பெனி அதை வாங்கிய பிறகு உலகத்திலேயே அதிகம் அச்சான நாய்களில் ஒன்றாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களின் கணுக்காலைக் கவ்வும் வழக்கம் அதற்கு இருந்தது. பெயரே அதனால் வந்ததுதான். படத்தில் அந்தக் குணம் தெரியாது. வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஜாக் ரஸ்ஸல் என்ற பெயர் ஒரு பாதிரியாருடையது. ஜான் ரஸ்ஸல், 1795இல் பிறந்தவர், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற ஊரின் திருச்சபையைக் கவனித்தவர், நரி வேட்டையில் தீராத பற்றுக் கொண்டவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில் ஒரு பால்காரரிடமிருந்து ட்ரம்ப் என்ற பெண் நாயை வாங்கினார். வெள்ளை உடல், கண்ணிலும் காதிலும் பழுப்புத் திட்டு, வால் தொடங்கும் இடத்தில் ஒரு பொட்டு. அந்த நாயில் தொடங்கி அவர் வளர்த்த வரிசையிலிருந்துதான் இன்றைய ஜாக் ரஸ்ஸல் வந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியபோது அதன் முதல் உறுப்பினர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் அவருக்கு அழகுப் போட்டியைவிட வேலை முக்கியம்.

அந்த வேலை இது. வேட்டை நாய்க்கூட்டம் துரத்தும்போது நரி மண்ணுக்குள் தன் வளையில் புகுந்துவிடும். பெரிய நாய்கள் வெளியே நின்று குரைக்க மட்டுமே முடியும். அப்போது டெரியரை வளைக்குள் விடுவார்கள். அது இருட்டில், குறுகலான சுரங்கத்தில், தனியாக ஊர்ந்து போய் நரியின் எதிரே நின்று குரைக்க வேண்டும். நரியைக் கொல்வது அதன் வேலை இல்லை. இடைவிடாமல் குரைத்து நரியை வெளியேற்ற வேண்டும், அல்லது அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். மேலே இருப்பவர் மண்ணில் காதை வைத்துக் குரைப்பு வரும் இடத்தைத் தேடித் தோண்டுவார். வெள்ளை நிறமும் இதற்காகத்தான். மண்ணும் தூசியுமாக வளையிலிருந்து வெளியே வருவது நரியா நாயா என்று வேட்டை நாய்கள் குழம்பிவிடக் கூடாது.

இப்போது இந்த நாயின் உடலைப் பாருங்கள். தோள் உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். எடை 5 அல்லது 6 கிலோ. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் தொட வேண்டும் என்பது இன்றும் நடுவர்கள் பார்க்கும் சோதனை. மார்பு அதைவிட அகலமானால் நாய் வளைக்குள் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். அதற்குமேல் மூச்சு விடவும் இடம் வேண்டும், ஆகவே விலா எலும்பு இறுக்கமாக இல்லாமல் வளைந்து கொடுக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய உடல் எங்கிருந்து வந்தது? 2007இல் வந்த ஆய்வொன்று, சிறிய நாய்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே மரபணுப் பகுதியில் ஒரே மாதிரி மாற்றத்தைச் சுமப்பதைக் காட்டியது. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோனை உருவாக்கும் மரபணு அது. மனிதர் நாய்களை வளர்க்கத் தொடங்கிய பிறகு இந்த மாற்றம் தோன்றியிருக்கும் என்றே அப்போது பலரும் நினைத்தார்கள். 2022இல் அந்த எண்ணம் மாறியது. சைபீரியாவில் கிடைத்த, 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓநாய் ஒன்றின் எச்சத்தில், உடலைச் சிறிதாக்கும் வடிவம் ஏற்கெனவே இருந்தது. நம் ஊர்க் குள்ளநரிகளின் இனத்திலும் அதே சிறிய வடிவம்தான். அதாவது சிறிய நாயை மனிதர் புதிதாகப் படைக்கவில்லை. ஓநாய்க் கூட்டத்துக்குள் அரிதாகிப்போய் ஒளிந்திருந்த ஒன்றை, வளைக்குள் நுழைய நாய் தேவைப்பட்ட காலத்தில், பொறுக்கி எடுத்துப் பெருக்கினார்கள். எனக்கு இதில் பெரிய வியப்பு உண்டு. உங்கள் சோபாவில் படுத்திருக்கும் 6 கிலோ நாயின் குட்டை உடலுக்கான எழுத்து, மனிதர் நாயோடு பழகுவதற்கும் முந்தையது.

டச்ஹவுண்ட் போன்ற நாய்களின் குட்டைக் கால் வேறு கதை. அது இன்னொரு மரபணு கூடுதலாக நகலானதால் வந்தது.

உடலைவிட மனம்தான் டெரியரின் உண்மையான சிறப்பு. ஆட்டு மந்தையைக் காக்கும் நாய் மேய்ப்பரின் கையசைவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் சிப்பிப்பாறை நாய் திறந்த வெளியில் கண்ணால் இரையைப் பிடித்து ஓடும். எசமான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். டெரியருக்கு அப்படி இல்லை. எசமானின் குரலுக்குக் காது கொடுக்கும் நிப்பரின் இனம், எசமானின் குரல் எட்டாத மண்ணுக்கடியில் வேலை செய்யப் பழக்கப்பட்டது. முன்னேறுவதா, நிற்பதா, பக்கச் சுரங்கத்தில் திரும்புவதா என்பதை அதுவே முடிவு செய்ய வேண்டும். தன்னைவிடக் கூரான பல்லுள்ள ஒன்றின் எதிரே பயந்து திரும்பினால் அந்த நாயிலிருந்து குட்டி எடுக்க மாட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேல் இப்படித் தேர்ந்தெடுத்ததன் விளைவுதான் இன்று நாம் ‘சொன்ன பேச்சுக் கேட்பதில்லை’, ‘எப்போதும் குரைக்கிறது’, ‘தோட்டத்தையெல்லாம் தோண்டிப் போடுகிறது’, ‘தன் அளவு தெரியாமல் பெரிய நாயிடம் பாய்கிறது’ என்று குறைப்படும் குணங்கள். நான்கும் அதன் தகுதிச் சான்றிதழ். அடித்தோ திட்டியோ இவற்றை எடுத்துவிட முடியாது. திசை திருப்பலாம்.

திருவண்ணாமலைக்கு வந்தால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. டெவனின் வளையில் நரி இருந்தது. இங்கே ஒவ்வொரு வளையிலும் வேறு வேறு உயிர்.

முதலில் எலி. நெல்லும் கடலையும் விளையும் மாவட்டம் இது. வயல் வரப்பிலும் ஊருக்குள் சாக்கடை ஓரத்திலும் வளை தோண்டி வாழும் எலிகளும் பெருச்சாளிகளும் ஏராளம். இந்த வளைகளைப் பற்றி நன்றாக அறிந்தவர்கள் இருளர்கள். வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, எந்தப் பக்கம் தப்பிக்கும் வழி வைத்திருக்கிறது என்று கண்டு, மண்பானையில் புகை போட்டுப் பிடிப்பார்கள். ஜாக் ரஸ்ஸலுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எலி வாடை பட்டால் முன்னங்கால்கள் தாமாக இயங்கும். ஆனால் எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி, லெப்டோஸ்பைரா, இருக்கலாம். ஈரமண்ணில் அது பல வாரம் உயிரோடு இருக்கும். தோண்டும் நாயின் மூக்கு, வாய், கண், விரலிடுக்கு வெடிப்பு எல்லாமே அதற்கு வாசல். காய்ச்சல், வாந்தி, வெள்ளை விழி மஞ்சளாவது, சிறுநீர் குறைவது என்று போய்ச் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகும். நாயின் சிறுநீரிலிருந்து வீட்டாருக்கும் தொற்றும். எலி பிடிக்கும் நாய்க்கு இந்தத் தடுப்பூசியை விட்டுவிடவே கூடாது: முதலில் சில வார இடைவெளியில் இரண்டு முறை, பிறகு ஆண்டுதோறும். வெறிநாய்க்கடி ஊசியைப் போட்டதோடு நிறுத்திவிடும் வீடுகள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எலி மருந்து இன்னொரு ஆபத்து. கடைகளில் கட்டியாக விற்கும் புரோமாடியோலோன் ரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் இருக்கும்; பிறகு ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். மருந்து தின்ற எலியைத் தொடர்ந்து பிடித்துத் தின்றாலும் இது நேரலாம். வைட்டமின் கே-1 உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைக்க வைக்கலாம். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல், தின்றது தெரிந்த அன்றே, மருந்தின் அட்டையை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். கறுப்புப் பொடியாக வரும் துத்தநாகப் பாஸ்பைடு வேறு வகை. வயிற்றின் அமிலத்தில் நச்சு வாயுவாக மாறும். இங்கே நாள்கணக்கு இல்லை, மணிக்கணக்குதான். வீட்டில் டெரியர் இருந்தால் எலிக்கு மருந்து வைக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, பாம்பு. திருவண்ணாமலை மலையடிவாரத்தில் முட்புதரும் பாறை இடுக்கும் கரையான் புற்றும் கலந்து கிடக்கின்றன. எலி வளையில் எலி மட்டும் இருப்பதில்லை. அதைத் தின்ன வந்த பாம்பும் அதே வளையில் தங்கும். புற்றுக்கு வேண்டுதலோடு பாலும் முட்டையும் வைப்பது நம் வழக்கம். மனிதருக்கு அது வழிபாட்டு இடம். டெரியரின் மூக்குக்கோ முட்டை வாசம் வரும், அடியில் உயிர் அசையும் ஒரு வளை. அங்கே அது தலையைத்தான் முதலில் விடும். அதனால் டெரியருக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் விழும். வீக்கம் மூச்சுக்குழலை நெருக்கும்.

கண்ணாடி விரியன் விஷயத்தில் இன்னொரு ரஸ்ஸல் வருகிறார். பேட்ரிக் ரஸ்ஸல், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையாளராக இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர். விசாகப்பட்டினத்தில் இருந்தபடி பாம்புகளை ஆராய்ந்து 1796இல் இந்தியப் பாம்புகளைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இருப்பது அவர் பெயர். டெவன் பாதிரியாருக்கும் அவருக்கும் தொடர்பு ஏதும் இல்லை; இரண்டு ரஸ்ஸல்களின் பெயரைத் தாங்கிய உயிர்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடமாக நம் ஊர் எலிவளை ஆகிவிட்டது. விரியனின் நஞ்சு ரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைத்துச் சிறுநீரகத்தைத் தாக்கும். நாகத்தின் நஞ்சு நரம்பை முடக்கும். இரண்டுக்கும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் கடிக்கும் சேர்த்து, மனிதருக்குக் கொடுக்கும் அதே நச்சுமுறி மருந்தைத்தான் நாய்க்கும் கொடுக்கிறார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு அந்த மருந்தின் ஆதாரம்.

சிறிய நாயை வளர்ப்பவர் ஒன்றைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். பாம்பு நாயின் எடை பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லை. 30 கிலோ நாய்க்குள் பரவும் நஞ்சும் 6 கிலோ நாய்க்குள் பரவும் நஞ்சும் ஒரே அளவானால், சிறியதன் உடலில் அது ஐந்து மடங்கு செறிவு. முறிக்க வேண்டியது நஞ்சை என்பதால் மருந்தின் அளவும் நாய் சிறியது என்பதற்காகக் குறைவதில்லை. கடித்த இடத்தைக் கீற வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், பச்சிலை வேண்டாம். கழுத்துப் பட்டையைக் கழற்றி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நச்சுமுறி மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை நாய் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே விசாரித்து எழுதிவையுங்கள். மலையடிவாரத்தில் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிடவே கூடாது. கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை நல்லது, ஏனெனில் டெரியர் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்வதில் தேர்ந்தது.

மூன்றாவது, வெயில். 814 மீட்டர் உயரப் பாறைமலை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவிலும் வெளியிட்டுக்கொண்டிருக்கும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. காற்று அதைவிடச் சூடானால் உடலிலிருந்து வெப்பம் வெளியே போகும் வழிகளில் ஒன்றுதான் மிச்சம்: நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் நீர் ஆவியாவது. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வியர்க்காது. சிறிய உடலுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். மார்கழியில் அது சீக்கிரம் குளிர்வதும் சித்திரையில் சீக்கிரம் சூடாவதும் இதனால்தான். போதாததற்கு அதன் வயிறு தார்ச்சாலைக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது.

ஜாக் ரஸ்ஸலுக்கு ஓர் அனுகூலம் உண்டு. முகம் நீளமானது, மூச்சுக்கு வழி தாராளம். பக் நாயோ, பெயரில் மட்டும் டெரியராக இருக்கும் சப்பை மூக்கு பாஸ்டன் டெரியரோ இந்த ஊரின் மே மாதத்தில் படும் பாடு அதற்கு இல்லை. ஆனால் அதன் குணம் அந்த அனுகூலத்தைக் கெடுத்துவிடும். பந்து எறிகிற வரை ஓடும், தானாக நிற்காது. நிறுத்த வேண்டியவர் நீங்கள். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரைச் சுற்றிவரும் தெம்பு அதன் கால்களுக்கு உண்டு, அதற்காகப் பகலில் கூட்டிப்போகக் கூடாது. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது நெருப்பு. சூரியன் ஏறுவதற்கு முன் ஒரு நடை, தரை ஆறிய பிறகு ஒரு நடை. பௌர்ணமி இரவில் வீட்டிலேயே இருக்கட்டும். அன்றைய கிரிவலக் கூட்டத்தின் கால்களுக்கிடையில் 6 கிலோ உயிருக்குப் பாதுகாப்பு இல்லை. பாதையில் தத்தம் எல்லையைக் காத்துக்கொண்டிருக்கும் தெருநாய்களிடம் பின்வாங்கவும் அதற்குத் தெரியாது.

நாய் கட்டுக்கடங்காமல் மூச்சு வாங்கி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி. ஈரத் துண்டைப் போர்த்தியபடி விட்டுவிட்டால் அது சூடேறி வெப்பத்தை உள்ளேயே பூட்டும். வெயிலுக்குப் பயந்து முடியை மழிப்பதும் தவறு. வெள்ளை முடிக்கடியில் இருப்பது நிறமற்ற இளஞ்சிவப்புத் தோல். முடிதான் அதற்குக் குடை.

உண்ணி இந்த ஊரில் பன்னிரண்டு மாதமும் உண்டு. நாயின் மேல் தெரிவது ஒரு பகுதிதான். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய்க்கு மருந்து போடுவதோடு கதவிடுக்கு, கட்டில் கால், நாய் படுக்கும் மூலை எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். உண்ணி மூலம் வரும் எர்லிக்கியா காய்ச்சலில் நாய் சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து உரிய மாத்திரையை மருத்துவர் சொல்லும் நாள் வரை கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். நாய் நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்துவதால்தான் மீண்டும் வருகிறது. பார்வோ வைரஸ் தடுப்பூசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில்.

உணவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 6 கிலோ எடையுள்ள சுறுசுறுப்பான நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 430 கலோரி போதும். அது ஒரு மனிதரின் ஒருவேளைச் சாப்பாட்டைவிடக் குறைவு. கோயில் ஊரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பிரசாதம். சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று நச்சியல் ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் மிக அதிகம். ஆகவே புளியோதரையும் ஆகாது. பொங்கலின் நெய் கணையத்தை வீங்கச் செய்யும். வெங்காயம் சேர்ந்த சாம்பார்ச் சோறு சிவப்பணுக்களை உடைக்கும். அன்பினால் நீட்டும் ஒரு தொன்னை, பெரிய நாய்க்கு வயிற்றுப்போக்கோடு போகலாம். இந்தச் சிறிய உடலுக்கு அது பெரிய அளவு. உப்பில்லாத சோறு, வேகவைத்த கோழி அல்லது முட்டை, கொஞ்சம் கேரட், பூசணி என்று இருந்தாலே அதற்கு விருந்து, கால்சியம் முதலியவற்றை மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டால். தட்டில் வைப்பதைவிட வீட்டுக்குள் ஒளித்துவைத்துத் தேட விடுங்கள். மூக்கை வேலைக்கு விட்ட நாய் சாயங்காலம் குரைப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

கார்த்திகை தீபத்தின் பத்து நாளும் தீபாவளியும் நாய்க்குக் கஷ்டகாலம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணோடு நின்றுவிடும் கேட்கும் திறன் நாய்க்கு 45,000 வரை போகும். வெடியின் கூர்மையான பகுதிகள் நமக்குக் கேட்பதைவிட அதற்கு அதிகம் கேட்கும். பயந்த டெரியர் ஓடி ஒளிவதோடு நிற்காது. கதவடியைத் தோண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும், சுவரேறிக் குதிக்கும். உள்ளறையில், மின்விசிறிச் சத்தத்தோடு, தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது. மிகவும் நடுங்கும் நாய்க்கு முன்கூட்டியே மருந்து தர மருத்துவரால் முடியும். அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

குட்டி வாங்குகிறவர் தாயைப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த இனத்தில் பரம்பரையாக வரும் சில குறைகள் உண்டு. முழங்கால் சில்லு விலகும். ஓடும் நாய் திடீரென்று பின்னங்காலைத் தூக்கி மூன்று எட்டு வைத்துவிட்டுப் பழையபடி ஓடினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். முழு வெள்ளைத் தலையுள்ள குட்டிகளில் சில, ஒரு காதிலோ இரண்டு காதிலுமோ கேளாமல் பிறக்கும். கண்ணின் வில்லை தன் இடத்தைவிட்டு நழுவும் நோய் பொதுவாக 3 வயதுக்கும் 8 வயதுக்கும் இடையில் வரும். கண் சிவந்து, கலங்கி, நாய் வெளிச்சத்துக்குக் கூசினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இதற்கான மரபணுவைப் பெற்றோரிடமே சோதித்துப் பார்க்க முடியும். விற்பவரிடம் இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். பல்லில் காரை படிவது சிறிய நாய்கள் அனைத்துக்கும் பொது. குட்டியிலிருந்தே துலக்கிப் பழக்கலாம்.

இவ்வளவையும் தாண்டி இது உறுதியான உயிர். பிரிட்டனில் இறந்துபோன 30,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை வைத்து 2022இல் வெளியான கணக்கில், ஆராய்ந்த இனங்களில் அதிக ஆயுள் எதிர்பார்ப்பு ஜாக் ரஸ்ஸலுக்குத்தான்: 12.7 ஆண்டு. கடைசியில் இருந்த பிரெஞ்சு புல்டாக்குக்கு 4.5. வாங்குகிறவர் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுப் பொறுப்பை ஏற்கிறார். இந்த நாயை நான் யாருக்கும் எளிதில் சிபாரிசு செய்ய மாட்டேன். தினமும் இரண்டு நடைக்கு நேரமும், அது கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையும் இருப்பவருக்கு மட்டும்தான்.

கடைசியாக, தோண்டும் ஆசைக்கு ஓர் இடம். கொல்லையில் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துச் சல்லடையில் சலித்த மணலை நிரப்புங்கள். பழைய துணி, தேங்காய் மட்டை, வேகவைத்த எலும்பில்லாக் கறித்துண்டு என்று தினம் ஒன்றைப் புதைத்து வையுங்கள். முதல் சில நாள் மேலாகவும் பிறகு ஆழமாகவும். செடிகளைத் தோண்டத் தொடங்கும்போது திட்டாமல் தூக்கிவந்து குழியில் விட்டால், பெரும்பாலான டெரியர்கள் தமக்கு எது லாபம் என்று விரைவில் கண்டுகொள்ளும். மாடிவீட்டுக்காரர்கள் பெரிய அட்டைப்பெட்டிகளின் இருபுறத்தையும் திறந்து ஒன்றோடொன்று கோத்து வளை செய்து கொடுக்கலாம். அதன் மார்பளவுக்குச் சற்றே பெரிதான பெட்டியில் அது நுழைவதைப் பார்த்தால் இரண்டு நூற்றாண்டு வேட்டை உங்கள் கூடத்தில் நடக்கும். மணல்குழியை ஐப்பசி கார்த்திகை மழையில் மூடிவையுங்கள். ஈரமணலில் கொக்கிப்புழு முட்டைகள் பொரித்து, அதன் குஞ்சுப்புழு வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகளின் தோலையும் துளைக்கும். மூன்று மாதத்துக்கொரு முறை நாய்க்குப் பூச்சிமருந்து, ஆண்டுக்கொரு முறை குழிக்குப் புது மணல்.